மேற்கே குடியிருப்பவர்களின் வெயில்

பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாடியிலோ அண்ணாநகரிலோ வேலை. காலையில் சி.டி.எச். சாலையில் கிழக்கே பார்த்து வண்டி ஓட்டினால் சூரியன் எதிரே நிற்கும். மாலையில் வீடு திரும்பும்போது அதுவும் மேற்கே வந்து எதிரே நிற்கும். பூந்தமல்லியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். பெரம்பூரில் குடியிருந்து அம்பத்தூருக்கு வேலைக்கு வருகிறவருக்கோ இரண்டு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால். புறநகரில் மனை வாங்கும்போது தண்ணீர் எப்படி, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், மழைக்குத் தெருவில் வெள்ளம் நிற்குமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். சூரியனுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு வேளையும் முகத்தில் அடித்தாலும் இரண்டு வெயிலும் ஒன்றல்ல. ஏப்ரல் கடைசியில் மாலை ஐந்தரை மணிக்கு ஆவடி வானில் சூரியன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சாய்வில் வரும் ஒளி, நேர் மேலிருந்து வருவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு காற்றையும் ஓசோனையும் கடந்து வந்தாக வேண்டும். தோலைச் சுடும் புற ஊதா பி கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. கண் கூசுகிறது, நெற்றி எரிகிறது, முன்னே போகும் வண்டி தெரியவில்லை. ஆனாலும் தோலைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சாதுவான வெயில். காலை எட்டரை மணிக்குச் சூரியன் 37 பாகைக்கு ஏறியிருக்கும். காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும், யாரும் முகம் சுளிப்பதில்லை. புற ஊதாக் கணக்கில் மாலை வெயிலைவிடப் பல மடங்கு வீரியமானது அந்தக் காலை வெயில்.

நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் சூரியன் 45 பாகையைத் தாண்டிவிட்டது, புற ஊதா பலமாக இருக்கிறது என்று பொருள். ஏப்ரல் கடைசியில் இந்த நேரம் காலை ஒன்பது மணியளவில் தொடங்கி மாலை மூன்றேகால் வரை நீளும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு நாள், பகல் 12.07 அளவில் சென்னையில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. இது ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். இரண்டாவது ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி. நடுவில் வரும் கத்திரி வெயிலுக்குத்தான் நாம் பயப்படுகிறோம். கத்திரி சூட்டின் கணக்கு. தரையும் காற்றும் வாரக்கணக்கில் சூடேறி மே மாதம் உச்சத்துக்குப் போகின்றன. புற ஊதாவுக்கு அந்தத் தாமதம் கிடையாது. அது சூரியன் நிற்கும் உயரத்தையும் மேகத்தையும் ஓசோனையும் மட்டுமே பார்க்கும். எனவே ஆகஸ்டில் மழை ஓய்ந்த ஒரு தெளிந்த நண்பகல், "இன்னைக்கு வெயில் பரவாயில்லை" என்று நாம் சொல்லும் நாளிலும், ஏப்ரலுக்குச் சமமாக அடிக்கும். மார்கழியிலும் தப்பிக்க முடியாது. டிசம்பர் 21 அன்று சென்னையில் நண்பகல் சூரியன் 53 பாகைக்கு மேலே நிற்கும். பத்தேகால் மணி முதல் இரண்டு மணி வரை நிழல் ஆளைவிடக் குட்டை. நிலநடுக்கோட்டுப் பகுதிகளின் மேல் ஓசோன் படலமும் ஐரோப்பாவின் மேல் இருப்பதைவிட மெலிந்தது. சன்ஸ்கிரீன் கோடைக்காலப் பொருள் என்பது ஐரோப்பாவிலிருந்து நமக்கு வந்த எண்ணம். அங்கே குளிர்காலச் சூரியன் தலை தூக்குவதே இல்லை.

சூடும் சுடுதலும் வேறு என்பதை 1820-ல் எவரார்ட் ஹோம் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் தன் கைகளிலேயே சோதித்துக் காட்டினார். ஒரு கையை வெறுமனே வெயிலில் நீட்டினார். மற்றொன்றைக் கறுப்புத் துணியால் மூடினார். வெப்பமானியில் கறுப்புத் துணிக்குள் இருந்த கைதான் அதிகம் சூடேறியிருந்தது. கொப்புளித்ததோ வெறும் கை. ஹோம் அதற்குச் சொன்ன விளக்கம் முழுதும் சரியில்லை, புற ஊதாவை அவர் கணக்கில் எடுக்கவில்லை. சோதனை மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. சென்னையில் கோடைதோறும் போக்குவரத்துக் காவலர்களுக்கு மோரும் தொப்பியும் தருகிறார்கள். மோர் சூட்டுக்கு. தொப்பி இரண்டுக்கும். பிற்பகலில் கடற்காற்று அம்பத்தூர் வரை வந்து உடம்பு குளிர்ந்தாலும் புற ஊதாவில் ஒரு துளி குறையாது.

இனி தோலுக்கு வருவோம். சன்ஸ்கிரீன் பற்றி நம்மிடம் வந்து சேரும் செய்திகளில் பெரும்பகுதி வெள்ளைத் தோல்காரர்களுக்காக எழுதப்பட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1621 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள், மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். தினமும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. மருத்துவ வரலாற்றில் மதிப்பான ஆய்வு. ஆனால் அதை அப்படியே தூக்கிவந்து ஆவடியில் வைத்துப் பயமுறுத்துவது நியாயமில்லை. நம் தோலில் மெலனின் நிறையவே இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் செய்த ஓர் அளவீட்டில், வெள்ளையரின் மேல்தோல் புற ஊதா பி-க்கு எதிராக 3.4 அளவு காப்பும், கறுப்பினத்தவரின் மேல்தோல் 13.4 அளவு காப்பும் தந்தன. நாம் இரண்டுக்கும் நடுவில். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் இங்கே அரிது.

அப்படியானால் நமக்கு எதற்கு? அதே மெலனினால்தான். மாநிறத் தோலில் நிறமி செய்யும் செல்கள் சட்டென்று உசுப்பேறும். பரு வந்து ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கன்னத்திலும் நெற்றியிலும் மேல் உதட்டிலும் மங்கு படரும், பெரும்பாலும் பெண்களுக்கு, பல சமயம் பிள்ளைப்பேற்றை ஒட்டி. மங்கு வந்தவர்கள் ஸ்கின் டாக்டரிடம் போனால் எழுதித் தரும் சீட்டில் அநேகமாக முதல் வரியே சன்ஸ்கிரீன்தான். எந்த மருந்தில் குறைந்தாலும், வெயிலைத் தடுக்காவிட்டால் திரும்ப வரும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் லூபஸ் நோயாளிகளுக்கும் தேவை இன்னும் அதிகம்.

இங்கேதான் டியூபில் அச்சிட்ட எண் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. எஸ்.பி.எஃப். என்பதை எப்படி அளக்கிறார்கள்? தன்னார்வலரின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கிரீமைப் பூசி, புற ஊதா விளக்கைக் காட்டி, மறுநாள் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். சிவப்பது தெரிய வேண்டும் என்பதால் வெளிர் தோல்காரர்களை மட்டுமே சோதனைக்கு எடுக்கிறார்கள். சர்வதேசத் தர விதியே அப்படித்தான். தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் புற ஊதா பி. ஆக, அந்த எண் நம்மைப் போன்ற தோலில் அளக்கப்பட்டதும் இல்லை, நம் பெரிய தொல்லையான கறுப்பை அளப்பதும் இல்லை. தரையை வந்தடையும் புற ஊதாவில் ஏறக்குறைய 95 விழுக்காடு புற ஊதா ஏ. கறுக்க வைப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது: ஜப்பானியர்கள் 1996-ல் கொண்டுவந்த பி.ஏ. முறை. பி.ஏ.+++ அல்லது ++++ என்று போட்டிருந்தால் நல்லது. கடையில் எஸ்.பி.எஃப். 30-க்கும் 50-க்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் இந்தக் கூட்டல் குறிகளை எண்ணலாம். 30 உள்ளே விடுவது நூற்றில் மூன்று பங்குக்குச் சற்று மேல். 50 விடுவது இரண்டு பங்கு.

இதோடும் முடியவில்லை. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியை மட்டும் தோலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெளிர் தோலில் ஒன்றும் ஆகவில்லை. அடர்நிறத் தோல் கறுத்தது, வாரக்கணக்கில் அப்படியே நின்றது. நிறமிச் செல்களில் ஆப்சின் 3 என்ற புரதம் நீல ஒளியை உணர்ந்து வேலையை முடுக்கிவிடுகிறது என்று 2018-ல் பிரெஞ்சுக் குழு ஒன்று காட்டியது. கண்ணின் ஒளி உணர் புரதங்களுக்குச் சொந்தக்காரப் புரதம் அது. கண்ணுக்குத் தெரியாதபடி தோலில் மறையும் சன்ஸ்கிரீன் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கவே முடியாது. தடுத்தால் அதற்கு ஒரு நிறம் இருந்தாக வேண்டும். அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. காவி, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிறத்தில் வரும் இந்தப் பொடிதான் ஃபவுண்டேஷனுக்கும் காம்பாக்டுக்கும் தோல் நிறத்தைக் கொடுக்கிறது. மேக்கப் போடுகிற பெண்ணைப் பார்த்து 'வெட்டி அலங்காரம்' என்று முணுமுணுக்கிற பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். சன்ஸ்கிரீனுக்கு மேல் போட்ட ஃபவுண்டேஷன், சன்ஸ்கிரீன் விட்ட வேலையை முடித்துவைக்கிறது. நிறமூட்டிய சன்ஸ்கிரீன் என்றே தனியாக விற்கிறார்கள். மங்கு உள்ளவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் பலவும் ஒன்றிரண்டு நிறத்தோடு நின்றுவிடுகின்றன, அதுவும் வடநாட்டு வெளிர் நிறத்துக்கு. திருவள்ளூர் மாவட்டத்து மாநிறத்தில் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். அப்படியானவர்கள் சாதாரண சன்ஸ்கிரீனும் தங்களுக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷனும் என்று பிரித்துக்கொள்வதே மேல்.

எந்த டியூப் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். சோதனைச்சாலை அளவான 2 மில்லிகிராம் வீதம் 1.2 கிராம் வேண்டும். 50 கிராம் டியூப், நாளைக்கு ஒருமுறை பூசினால், நாற்பது நாளில் தீர்ந்துவிட வேண்டும். நம் வீடுகளில் அது ஆறு மாதம் வருகிறது. பச்சைப்பயறளவு எடுத்து ஐந்து புள்ளி வைத்துத் தேய்த்தால் அப்படித்தான் வரும். ஆறு மாதம் வந்தால் நாளைக்கு 0.28 கிராம், தேவையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அளவு பாதியானால் காப்பும் பாதியாகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் அது வர்க்கமூலத்துக்கே சரிந்தது: 50 என்பது 7 ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரிதான்: தண்ணியாக ஒரு கை அடித்தால் பழைய கறை துருத்திக்கொண்டுதான் தெரியும். தோலின் மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால், மெல்லப் பூசிய கிரீம் பள்ளத்தில் தேங்கி மேட்டை வெறுமனே விட்டுவிடுகிறது.

அளவை நினைவில் வைக்க ஸ்டீவ் டெய்லர், பிரையன் டிஃபி என்ற இருவர் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு வழி சொன்னார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை பிதுக்கிய இரண்டு கோடு, தலை முகம் கழுத்துக்குப் போதும். மொத்தமாக அப்பினால் வழுக்கும், வேர்க்கும், கோபம் வரும். ஒரு விரல் பூசி, அது இழுத்துக்கொண்டதும் இன்னொரு விரல். இப்படி இரண்டு சுற்றாகப் பூசினால் விடுபட்ட இடமும் மூடிக்கொள்ளும். காது மடல், கழுத்தின் பக்கவாட்டு, மேல் உதடு இவைதான் வழக்கமாக விடுபடும் இடங்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால், விலை உயர்ந்த சின்ன டியூபைச் சிக்கனமாகப் பூசுவதைவிட, விலை குறைந்த பெரிய டியூபைத் தாராளமாகப் பூசுகிறவரே அதிகக் காப்புப் பெறுகிறார். என்னைக் கேட்டால், மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகும் சன்ஸ்கிரீன்தான் நல்ல சன்ஸ்கிரீன்.

டியூபில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா என்பது வேறு கேள்வி. இந்தியாவில் சன்ஸ்கிரீன் சட்டப்படி அழகுப்பொருள். 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளுக்குள் வருகிறது. அமெரிக்காவில் அது மருந்து. 2025-ல் இங்கே இரண்டு பெரிய நிறுவனங்கள், 50 என்று போட்டு விற்கும் சன்ஸ்கிரீன் உண்மையில் 20-தான் என்ற பொருளில் வந்த ஒரு விளம்பரத்துக்காக உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு வேண்டாம். மனிதத் தோலில் சோதித்த எண்ணா என்று கேட்கும் பழக்கம் வாங்குகிறவர்களுக்கு அதனால் வந்தது, அது லாபம்.

இனி மேக்கப் வரிசை. முகம் கழுவி, தேவையானால் மாய்ஸ்சரைசர். சென்னைப் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் முகத்துக்கு அது பல நாள் தேவைப்படாது. ஜெல் வகை சன்ஸ்கிரீனே போதும். அடுத்து சன்ஸ்கிரீன் இரண்டு சுற்று. பிறகு கால் மணி நேரம் முகத்தைத் தொடாமல் விட வேண்டும். டிபன் பாக்ஸ் கட்டலாம், தலை பின்னலாம். கிரீமில் உள்ள நீர் ஆவியாகி, மிச்சம் படலமாகத் தோலில் படிய அந்த நேரம் தேவை. அவசரப்பட்டு மேலே ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து அழுக்குபோல உருண்டு உருண்டு வரும், படலமும் கிழியும். தேய்க்காமல் ஸ்பாஞ்சால் ஒத்தி ஒத்திப் போட வேண்டும். அதன்மேல் காம்பாக்ட், பொட்டு, குங்குமம். சன்ஸ்கிரீனையும் ஃபவுண்டேஷனையும் உள்ளங்கையில் குழைத்து ஒரே பூச்சாகப் போடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், காப்பைக் கெடுக்கும்.

'என் ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். 15 இருக்கிறதே, கீழே 30, ஆக 45' என்ற கூட்டல் செல்லாது. அந்த 15 கிடைக்க ஃபவுண்டேஷனையும் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். அவ்வளவு பூசினால் தெருக்கூத்து வேஷம்தான். வெறும் டால்கம் பவுடர் கணக்கிலேயே இல்லை. சன்ஸ்கிரீன் பவுடர் என்று பிரஷ்ஷோடு வருவதும், தேவையான அளவு முகத்தில் ஒட்டாததால், ஒப்புக்குத்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசு என்கிறார்கள். அது கடற்கரையில் படுத்திருப்பவனுக்கும், நாளெல்லாம் தெருவில் நிற்கிறவருக்கும் உரிய விதி. காலை ஒன்பதுக்குள் எஸ்டேட்டுக்குள் நுழைந்து டியூப் லைட்டின் கீழ் ஆறு மணிவரை தைக்கிறவர்களுக்கு அது பொருந்தாது. அந்த விளக்குகளிலிருந்து வரும் புற ஊதா பொருட்படுத்தும் அளவில் இல்லை. அவர்களுக்கு ஆபத்தான நேரம் மதியச் சாப்பாட்டு இடைவேளை. நிழல் குட்டையாக இருக்கும் நேரத்தில் டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் நடக்கிறார்கள், காலையில் பூசியதோ வேர்வையில் பாதி போயிருக்கும். மறுபூச்சு அதற்கு முன்னால்தான் வேண்டும். மேக்கப் மேல் பூசுவது எப்படி? கைக்குட்டையாலோ டிஷ்யூவாலோ வேர்வையை ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். பிறகு ஸ்பாஞ்சில் சன்ஸ்கிரீனை எடுத்து அழுத்தி அழுத்தி வையுங்கள். ஸ்டிக் வகையானால் ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். கன்னமேடு, மூக்கு, நெற்றி இந்த மூன்றும் மூடினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சாலையில் மலிவான காப்புகள் இருக்கின்றன. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாவை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும், கீழே இறக்கியிருந்தால். கீறல் விழுந்து மங்கிப்போன கண்ணாடியைத் தூக்கிவிட்டே ஓட்டுகிறோம். புதுக் கண்ணாடி மாற்ற ஆகும் செலவு சன்ஸ்கிரீன் செலவில்தான் சேரும். முகத்தில் சுற்றும் துப்பட்டா நெருங்கிய நெசவாக, அடர்ந்த நிறமாக இருந்தால் நல்லது. மெல்லிய ஷிஃபான் தூசிக்கு ஆகும், வெயிலுக்கு ஆகாது; போதாக்குறைக்கு உரசி உரசிப் பூசியதையும் எடுத்துவிடும். காரின் பக்கக் கண்ணாடியும் ஏ.சி. பஸ்ஸின் கண்ணாடியும் புற ஊதா பி-யைத் தடுக்கும், ஏ-யில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஜன்னலோரத்தில் குளுகுளுவென்று உட்கார்ந்தே கறுக்க முடியும்.

கறுப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'வெயில்ல சுத்தாதடி, கறுத்துடுவ' என்று அத்தைகள் சொல்லும் பயத்தின் மேல்தான் நம் ஊரில் 1975 முதல் ஒரு சிவப்பழகு கிரீம் செழித்தது. 2020-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. 'கறுப்பே அழகு' என்ற பொருளில் 2009-ல் இயக்கம் தொடங்கியதும் சென்னையில்தான். சன்ஸ்கிரீன் யாரையும் சிவப்பாக்காது. பிறந்த நிறம் பிறந்த நிறமே. அதில் திட்டுத் திட்டாக இருள் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. இந்த வித்தியாசம் புரியாதவர்கள்தான், சன்ஸ்கிரீன் பூசியும் 'கலர் வரலை' என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு கேட்கிறார்கள். அங்கே பலமுறை கைக்கு வருவது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் கலந்த டியூப். டாக்டர் சொன்னபடி சில வாரம் பூசினால் அது மங்குக்கு நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்துக்குப் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியும் முகமாகிவிடும். 2018-ல் அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பது கவுண்டரில் நிற்கிறவருக்குத் தெரியாமலில்லை, கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார். அப்படிப் பூசிப் பழகிய முகம் உள்ளவர்கள் அதைத் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைப்பதே வழி. அதுவரைக்கும் எரியாமல் ஏற்றுக்கொள்ளும் சன்ஸ்கிரீன் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளை வகைதான், கொஞ்சம் சாம்பல் தட்டினாலும். எந்த சன்ஸ்கிரீனானாலும் டியூபை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். ஸ்டேஷன் ஸ்டாண்டில் பகலெல்லாம் காயும் வண்டிக்குள் கிரீம் தண்ணீராகவும் கட்டியாகவும் பிரிந்துவிடும். பிரிந்ததைக் குலுக்கிப் பூசினால் உறையில் போட்ட எண் எதுவும் மிஞ்சாது.